தலைமாட்டில் நிற்கிறவள் எழுதுகிறேன்

இன்று காலை ஆம்பூர் நர்சிங் ஹோமில் டாக்டர்கள் அறைக்குள் நுழைந்ததுமே புதினா வாசனை அடித்தது. யாரோ ஒரு மருந்துக் கம்பெனி ரெப் சாம்பிளாக வைத்துவிட்டுப் போன நெஞ்செரிச்சல் மருந்து, மேசைமேல் மூடி திறந்து கிடந்தது. ரோஸ் நிறத்தில், சாக்பீஸைக் கரைத்துவிட்ட மாதிரி இருக்குமே, அதேதான். கையிலிருந்த டீயை வைத்துவிட்டு மூடியைத் தேடியெடுத்து இறுக்கி மூடினேன். வாசனை போகவில்லை. ஜன்னலைத் திறந்தேன். வெளியே தோல் பதனிடும் டேனரி வாடை. அதுவே தேவலை என்று ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

நீ அதை ஸ்பூனில் ஊற்றிக் குடித்து நான் பார்த்ததே இல்லை. பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்த்துவிட்டு, மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டு, "வாடி, அடுத்தத முடிப்போம்" என்று கை கழுவப் போய்விடுவாய். இரண்டாவது சிசேரியன் முடிவதற்குள் அந்தப் புதினா வாசனை மாஸ்க்கையும் தாண்டி என் பக்கம் வந்துவிடும். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணிதானே. அந்தப் பக்கம் வயிறு, நீ. இந்தப் பக்கம் தலை, நான். இப்போது அந்தப் பக்கத்தில் வேறொரு டாக்டர் நிற்கிறார். நல்ல பெண்தான். கத்துவதில்லை. எனக்குத்தான் அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த கேஸுக்கு வேலூரிலிருந்து ரத்தம் வர வேண்டியிருக்கிறது. வரும்வரை எனக்கு வேலை இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நான் வேலூரில் ஒரு மனநல டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். யாரையும் கூட்டிக்கொண்டு அல்ல, என்னைக் காட்ட. போவேனா, பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிடுவேனா, எனக்கே தெரியவில்லை.

போன வாரம் என்ன நடந்தது தெரியுமா? குழந்தை வெளியே வந்துவிட்டது. உடனே கர்ப்பப்பை சுருங்குவதற்கான மருந்தை நான் ஏற்ற வேண்டும். உனக்குத் தெரியாததா, எத்தனை தடவை "போட்டாச்சாடி?" என்று துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருப்பாய். என் கையில் சிரிஞ்ச் இருந்தது. காலி சிரிஞ்ச். ஏற்றிவிட்டேனா, இல்லை இன்னும் மருந்தை உறிஞ்சவே இல்லையா? எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு நொடிக்கு முன் நடந்தது, துடைத்துவிட்ட மாதிரி மறந்துபோயிருந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குடுத்துட்டீங்க மேடம். நான் பாத்தேன்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தப் பக்கத்து டாக்டர், "என்ன மேடம்?" என்றார். "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

ஒன்றும் ஆகவில்லைதான். தாயும் நலம், குழந்தையும் நலம். ஆனால் அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. மருந்துக் குப்பியின் பேரைப் படிக்கிறேன், வைக்கிறேன், மறுபடி எடுத்துப் படிக்கிறேன். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், மாதனூர் தாண்டியதும் பார்த்தேனா என்று சந்தேகம். போன் அடித்தால் நெஞ்சு திடுக்கென்கிறது. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான். குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும், எனக்கு அதுதான் தாலாட்டு. இப்போது மின்விசிறிச் சத்தத்துக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இதையெல்லாம்விட மோசமான ஒன்று இருக்கிறது. குழந்தை முதல் குரல் கொடுக்கும்போது எனக்குள் ஒன்றுமே நடப்பதில்லை. முன்பெல்லாம் அந்தத் தாயை நெற்றியில் தொட்டு, "கேட்டியாம்மா? உன் புள்ள சத்தம்" என்பேன். இப்போதும் சொல்கிறேன். வாய் மட்டும் சொல்கிறது.

உனக்கும் இப்படித்தான் இருந்ததா? நாம் இதைப் பேசிக்கொண்டதே இல்லை. எல்லாவற்றையும் பேசினோம், மாமியார் முதல் மாதவிலக்கு வரை. இதை மட்டும் பேசவில்லை.

ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. காலையில் நான் வேலூரிலிருந்து கிளம்பும்போது நீ போன் செய்வாய். பள்ளிகொண்டா டோல்கேட் வரும்வரை அன்றைக்கு என்னென்ன கேஸ், யாருக்கு பிரஷர், யாருக்குப் பழைய தையல் என்று பேச்சு. அது முடிந்துவிடும். நீ போனை வைக்க மாட்டாய். ஸ்பீக்கரில் உன் வீட்டு குக்கர் விசில் கேட்கும், உன் மகள் யூனிபார்ம் தேடும் சத்தம் கேட்கும். "வெச்சிடட்டுமாடி?" என்று கேட்பேன். "இரு. சும்மா இரு. வெச்சா வேற எவனாவது கூப்புடுவான்" என்பாய். ஆம்பூர் எல்லை வரும்வரை நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் லைனில் இருப்போம். எனக்கு அப்போது சிரிப்பாக இருக்கும். இவளுக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு யாராவது அப்படி ஒரு அரை மணி நேரம் எனக்காகச் சும்மா லைனில் இருக்க மாட்டார்களா என்று ஏங்குகிறேன்.

அந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது என்றும் தெரியும். ரத்தப்போக்கு நிற்காமல் வேலூருக்கு அனுப்பிய பெண் ஒருத்தி திரும்பி வரவில்லையே, அதற்குப் பிறகுதான். சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நீயே இறங்கிப் போய் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாய். அவர்கள் சத்தம் போட்டார்கள், அழுதார்கள், போனார்கள். மறுநாள் காலையில் நீ வழக்கம்போல ஓ.பி. பார்த்தாய். "ரெண்டு நாள் வீட்ல இரேண்டி" என்றேன். "வீட்ல இருந்து? அழறதுக்கா? வெளிய பாரு, எத்தினி பேரு உக்காந்திருக்காங்க. பேஜார் பண்ணாத, போ" என்றாய்.

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப்பேர் ஷூ கம்பெனிப் பெண்கள். நீல கோட்டைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்திருப்பார்கள். "டாக்டரம்மா, கம்பெனில லீவு இந்தத் தேதிக்குத்தான் சொல்லியிருக்காங்க, அன்னிக்கே எடுத்துடுங்க" என்று கேட்பார்கள். "உங்க கம்பெனி லீவுக்கெல்லாம் நான் வயித்தக் கிழிக்க மாட்டேன்! புள்ள எப்ப வரணும்னு புள்ளதான் சொல்லணும், உன் சூப்பர்வைசர் இல்ல" என்று கத்துவாய். கத்திவிட்டு, அதே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு அவளுக்கு லீவும் வாங்கிக் கொடுப்பாய். அவர்களுக்கு லீவு வாங்கித் தெரிந்த உனக்கு, உனக்கென்று ஒரு நாள் வாங்கத் தெரியவில்லை.

நம் ஜாதிக்கென்று ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. டாக்டர் ஜாதியைச் சொல்கிறேன். நமக்கு ஏதாவது என்றால் நம் பேரில் சீட்டுப் போட மாட்டோம். உன் சுகர் டெஸ்ட்டை ஸ்டெல்லா பேரில் கொடுத்தாயே! லேப் டெக்னீஷியன் ரிசல்ட்டைப் பார்த்துப் பதறி ஸ்டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், சுகர் ரொம்ப ஜாஸ்தியா இருக்குது, கேக்கு கீக்கு சாப்பிடாதீங்க, கிறிஸ்துமஸ் வேற வருது" என்று புத்தி சொல்லியனுப்பினார். அவள் பாவம், ஒல்லியாகக் குச்சி போல இருந்துகொண்டு தலையாட்டிவிட்டு வந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி நாம் எத்தனை நாள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அது ஊர் உலகத்தில் எல்லா டாக்டரும் செய்வதுதான், அதில் விசேஷமாக ஒன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை. முதல் கேஸ் முடிந்ததும் நீ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். நீ உட்காருகிற ஆள் இல்லை. நெற்றியெல்லாம் வேர்வை. "இன்னாடி?" என்றேன். "கேஸ் டிரபிள்டி. நேத்து பிரியாணி லேட்டாத் தின்னேன்" என்று பாட்டிலை எடுத்தாய். நான் பல்ஸைப் பிடித்துப் பார்த்தேன். "ஒரு ஈசிஜி எடுத்துடலாம், வா" என்றேன். கையை உருவிக்கொண்டாய். "உனக்கு இன்னா, பைத்தியமா? ஈசிஜி எடுத்தா ஸ்டாஃப் பாப்பாங்க. சாயந்தரத்துக்குள்ள ஆம்பூர் மொத்தமும் தெரிஞ்சிடும், டாக்டரம்மாவுக்கே ஹார்ட்டாம்னு. அப்புறம் எவ என்னை நம்பி வயித்தக் காட்டுவா?" என்றாய். நான் விடவில்லை, வாதாடினேன். உன்னிடம் யார் ஜெயித்திருக்கிறார்கள்? குடியாத்தத்திலிருந்து எனக்கு அவசரமாகக் கால் வந்தது. "போடி போ, அங்க ஒருத்தி காத்துக்கினு இருக்கா. நமக்கு இன்னா ஆவப்போவுது?" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

மதியம் வீட்டில், தொழுகைக்குக் கைகால் கழுவப் போன இடத்தில் விழுந்துவிட்டாய். நான் குடியாத்தத்தில் தியேட்டரை விட்டு வெளியே வந்து போனைப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்று அஸ்தமிப்பதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். பெண்கள் நாங்கள் வீட்டோடு நின்றுவிட்டோம். தெரு நிறைய பர்தாவும் நீல கோட்டும். கைக்குழந்தையோடு வந்தவர்களே ஜாஸ்தி. அங்கேதான் ஸ்டெல்லா என்னைப் பின்பக்கம் இழுத்துப்போய்ச் சொன்னாள். நான் கிளம்பிய பிறகு நீ கதவைச் சாத்திக்கொண்டு அவளை வைத்து ஈசிஜி எடுத்திருக்கிறாய். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாய்! பாதியாவது கேட்டிருக்கிறாய். எடுத்ததைப் போட்டோ பிடித்து வேலூரில் நமக்குத் தெரிந்த இதய டாக்டருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாய். உன்னுடையது என்று சொல்லாமல்.

துக்கம் கேட்க வந்திருந்த அந்த டாக்டருக்கு நான்தான் அதைச் சொன்னேன். மனிதர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "இருபத்தாறு வயசுப் பொண்ணு, அடுத்த மாசம் கல்யாணம், டென்ஷன்னு போட்டிருந்தாங்க மேடம். அந்த வயசுக்கு அது பெருசா ஒண்ணும் இல்ல. வலி விடலன்னா அனுப்புங்கன்னு பதில் போட்டேன். நாப்பத்தொண்ணு, சுகர் இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வண்டி அனுப்பியிருப்பேனே" என்றார். சொல்லிச் சொல்லி அழுதார். அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

அடிப்பாவி, இருபத்தாறா? பொய் சொல்வதுதான் சொன்னாய், ஒரு ஐம்பது என்று சொல்லியிருக்கக் கூடாதா? உயிரோடு இருந்திருப்பாயே! எனக்குக் குற்ற உணர்ச்சி எல்லாம் இல்லை. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன், எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் தெரியும். எனக்கு உன்மேல் கோபம். இரண்டு வருஷம் ஆகியும் கோபம் ஆறவில்லை. அந்த மெசேஜைத் தட்டும்போது உனக்குச் சிரிப்பு வந்திருக்கும், அது எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் கோபம்.

இப்போது நான் என்ன செய்திருக்கிறேன் கேள். வேலூர் கிளினிக்குக்குப் போன் செய்து டோக்கன் கேட்டேன். "பேஷண்ட் பேரு?" என்றாள் அந்தப் பெண். "கற்பகம்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. "வயசு?" "ஐம்பத்தி ரெண்டு." "நீங்க யாரு?" "தங்கச்சி. எங்க அக்காவைத்தான் கூட்டினு வரணும்." போனை வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எனக்கு அக்காவே கிடையாது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. நான் ஒரு நர்சிங் ஹோமில் சம்பளத்துக்கு இருப்பவள் அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் என்று கூப்பிட்ட இடத்துக்கு மருந்துப் பெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு ஓடுகிறவள். மயக்க டாக்டருக்கே மனசு சரியில்லையாம், மாத்திரை சாப்பிடுகிறாளாம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். எந்த சர்ஜன் என்னைக் கூப்பிடுவார்? கூப்பிட மாட்டார்கள் என்பது ஒரு பயம். போகாமல் இப்படியே இருந்தால் ஒரு நாள் அந்த சிரிஞ்ச் நிஜமாகவே ஏற்றாத சிரிஞ்சாக இருக்கும், ஸ்டெல்லா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள், மேசைமேல் ஒருத்தி படுத்திருப்பாள் என்பது இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். ரத்தம் வந்துவிட்டதாம், கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

மறுநாள். வேலூரில், கிளினிக் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து மீதியை எழுதுகிறேன். எல்லாம் முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

காலையில் வந்து வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தேன். துப்பட்டாவைத் தலைக்கு மேல் போட்டுப் பார்த்தேன், திருடி மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன். எனக்கு நானே ஒரு ஆறுதல் சொல்லிக்கொண்டேன். மயக்க டாக்டரை யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது? குழந்தையை எடுத்துக் கொடுத்த டாக்டரைத்தான் காலமெல்லாம் சொல்வார்கள். நமக்கு மாஸ்க்கும் தொப்பியும்தான் மூஞ்சி. இந்த தைரியத்தில் இறங்கி உள்ளே போனேன்.

பெஞ்ச் எல்லாம் நிறைந்திருந்தது. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "கற்பகம்... உங்க அக்காதானே? எங்க, வண்டியில இருக்காங்களா?" என்றாள்.

ஆமாம், கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே வெளியே நடந்து ஆம்பூருக்குப் போய்விடலாம். இரண்டு கேஸ் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா இல்லம்மா. எனக்குத்தான் பாக்கணும். பேர மாத்திக்கோ" என்று என் பேரைச் சொன்னேன். தொழில் கேட்டாள். "டாக்டர். மயக்க மருந்து டாக்டர்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பெண் சட்டென்று திரும்பினாள். முப்பது வயது இருக்கும். மடியில் கைக்குழந்தை. என் முகம் அவளுக்குத் தெரியவில்லை, குரலைத்தான் பிடித்திருக்கிறாள்.

"மேடம், நீங்க ஆம்பூர்தானே? எனக்கு ஆப்ரேஷன் பண்ணப்போ தலமாட்டுல நின்னு பேசிக்கினே இருந்தீங்களே! மொதப் பையனுக்கு. பயப்படாத, இதோ எடுத்துட்டாங்க, இதோ எடுத்துட்டாங்கன்னு... அதே குரலு!"

போச்சு என்று நினைத்தேன். அவள் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். "உக்காருங்க மேடம். டோக்கன் நெறைய இருக்குது. நீங்களும் காட்டத்தான் வந்தீங்களா?"

"ஆமாம்மா. தூக்கம் இல்ல. பயமா இருக்குது."

"எனக்கும் அதேதான் மேடம். இவ பொறந்ததுல இருந்து சும்மா சும்மா அழுவுறேன். புள்ளையத் தூக்கவே பயமா இருக்குது. கம்பெனில எங்க லைன்ல கூட வேலை செய்யுற அக்காதான் போய்க் காட்டுன்னு திட்டி அனுப்புனாங்க" என்றாள். நான் அங்கே இருப்பது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை. ராணிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். அப்புறம் முகம் மலர்ந்து கேட்டாள். "அந்தப் பெரிய டாக்டரம்மா எப்படி இருக்காங்க மேடம்? கத்தாத கத்தாதன்னு அவங்கதான் கத்திக்கினே இருப்பாங்க. ரொம்ப நல்லவங்க."

அவளுக்குத் தெரியாது. நீ செத்துப்போனதை நான் ஒருவருக்கும் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லும் அவசியம் வந்ததில்லை. ஆம்பூரில் எல்லோருக்கும் தெரியுமே.

"இறந்துட்டாங்கம்மா. ஹார்ட் அட்டாக்."

"ஐயய்யோ! அவங்களுக்கா? யார்கிட்டயும் காட்டலியா மேடம்?"

"காட்டல."

"டாக்டரா இருந்துக்கினா?"

அழுதுவிட்டேன். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட நான் இப்படி அழவில்லை, எல்லோரையும் தேற்றிக்கொண்டிருந்தேன். கிளினிக் ஹால் நிறைய ஜனம், நான் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் குழந்தையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கேட்டால் நம்ப மாட்டாய், எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு இவள் யாரிடமாவது சொல்லுவாள், அது ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூருக்கு வரத்தான் செய்யும். வரட்டும். யார் கூப்பிடுகிறார்கள், யார் கூப்பிடவில்லை என்று பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குள் பிரஷர் பார்க்கும் நர்ஸ் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, "சீட்டுல வயசு அம்பத்திரெண்டுன்னு இருக்குதே மேடம், பாத்தா அப்படித் தெரியல. கரெக்டா எவ்ளோ?" என்றாள்.

"நாற்பத்து மூணு" என்றேன்.

பழைய வயதை அடித்துவிட்டு எழுதிக்கொண்டாள். உனக்கும் இப்போது அதுதான் ஆகியிருக்கும்.